குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்த காண்டாமிருகம்

காண்டாமிருகத்தோடு ரயிலில் பிரயாணம் செய்கிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஊர் எது, என்ன சம்பளம், எத்தனை குழந்தை?" என்று யாரும் கேட்பதில்லை. மற்றதெல்லாம் அசௌகரியம்தான்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் நான் கல்கத்தாவில் ஒரு மிருக வியாபாரியிடம் குமாஸ்தாவாக இருந்தேன். எட்டு வருஷத்தில் புலி, கரடி, மலைப்பாம்பு என்று எத்தனையோ கப்பலேற்றியிருக்கிறேன். எல்லாம் காகிதத்தில்தான். நேரில் பழக்கமென்றால் ஆபீஸ் பூனை ஒன்றுதான், அதுவும் என்னைப் பிறாண்டும். அப்படியிருக்க, கொல்லத்துக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்த ஒரு துரைக்கு மயிலும் மானும் அலுத்துப்போய், பங்களா வாசலில் நிறுத்த ஒரு காண்டாமிருகம் வேண்டும் என்று எழுதினார். "தமிழ் தெரிந்தவன் நீதானே, கூடப் போய் விட்டுவிட்டு வா" என்றார் முதலாளி. கும்பகோணத்தில் பிறந்ததற்கு இப்படி ஒரு தண்டனை வரும் என்று நான் நினைக்கவில்லை.

புறப்படும்போது முதலாளி காகிதத்தில் சுற்றிய ஒரு ரம்பத்தை என் பெட்டிக்குள் வைத்தார். "உயிரோடு சேர்த்தால் நல்லது. வழியில் ஏதாவது ஆகிவிட்டால் கொம்பையாவது அறுத்துக்கொண்டு வா. கொம்பும் இல்லையென்றால் நீயும் வராதே."

இதை மிருகத்தின் காவல்காரர் கரீம் பாய் கேட்டுக்கொண்டு நின்றார். அஸ்ஸாம்காரர். தாய் செத்துப்போன குட்டியை எருமைப்பால் ஊட்டி வளர்த்து, முன்னி என்று பெயர் வைத்தவர். முன்னிக்கு இப்போது மூன்று வயது, நாலு விரல் உயரக் கொம்பு. ரம்பத்தைப் பார்த்த நிமிஷத்திலிருந்து கரீம் பாய் தம் படுக்கையை என் பெட்டிக்கும் முன்னிக்கும் நடுவில்தான் விரித்தார். தென்காசி வரும் வரைக்கும் என்னோடு பேசியது நாலைந்து வாக்கியம். அவர் பேசிய ஹிந்துஸ்தானியை இங்கே தமிழில் தருகிறேன்; சில வார்த்தைகளை மட்டும் தரவில்லை.

தென்காசியில் இறங்கும்போது சாரல். வெயிலடிக்கிறது, மழையும் பெய்கிறது, இரண்டுக்கும் நடுவில் காற்று சட்டைக்குள் புகுந்து ஓடுகிறது. ஊரே அதில் சந்தோஷமாக இருந்தது. நான் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டேன். பச்சைத் தண்ணீர் தலையில் பட்டால் எனக்கு மூன்று நாள் தும்மல். எட்டு வருஷமாக நான் வெந்நீர்க்காரன்.

நாங்கள் இருந்த, குதிரை ஏற்றும் வேகனை மட்டும் கழற்றிவிட்டு ரயில் போய்விட்டது. மலைக்கு அந்தப் பக்கம் போகும் ரயில் அடுத்து நிற்கிற ஊர் செங்கோட்டை. செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூர் ராஜ்யம். நாலைந்து மைல்தான், ஆனாலும் அயல் ராஜ்யம். "அங்கே சுங்கத்தில் உங்கள் மிருகத்துக்கு உத்தரவு இல்லையாம்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டார்.

அதற்குள் ஊர் கூடிவிட்டது.

"ஏலே, பன்னிக்குச் சட்டை தச்சுப் போட்டுருக்காம்லே!"

"பன்னி இல்லலே. கோயில் தூண்ல யாளி இருக்குல்லா, அதான் இது."

"யாளிக்குத் தும்பிக்கை உண்டுல்லா?"

"ரயில்ல வரும்போது முறிஞ்சிருக்கும்."

நான் குதிரை வண்டி பிடித்துச் செங்கோட்டைச் சுங்கச் சாவடிக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி கண்ணியமான மனிதர். மேஜையில் ஒரு பெரிய புஸ்தகம். அதைத் தவிர உலகத்தில் எதையும் அவர் நம்புவதில்லை. அதில் விரலை வைத்து வாசித்தார்: ஆடு, மாடு, எருமை, குதிரை, கழுதை, யானை.

"காண்டாமிருகம் இல்லா, சாரே."

"யானை என்று எழுதிக்கொள்ளுங்களேன்."

"தும்பிக்கை எவிடே?"

"எருமை?"

"எருமைக்குக் கொம்பு ரெண்டு வேணுமே." வருத்தத்தோடு புஸ்தகத்தை மூடினார். "திருவனந்தபுரத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன். மறுபடி வரட்டும்." மறுபடி என்றால் மலையாளத்தில் பதில்.

"எப்போது வரும்?"

"வரும்போது வரும்."

நான் அங்கே நின்ற அரைமணி நேரத்தில் இருபது வண்டிகள் போயிருக்கும். செங்கோட்டை ஜனங்கள் சாரல் காலத்தில் தினமும் குற்றாலத்துக்குப் போய்க் குளித்துவிட்டுத் திரும்புவார்கள். அவர்களையெல்லாம் நிறுத்திப் பெட்டியும் மூட்டையும் பார்த்தால் பொழுது போதாது. அதனால் அந்தச் சாவடியில் ஒரு வழக்கம்: அதிகாரி வண்டிக்குள் கையை விட்டுத் தலையைத் தொட்டுப் பார்ப்பார். எண்ணெயும் ஈரமுமாக இருந்தால் ஆளும் வண்டியும் மாடும் போகலாம். காய்ந்த தலை என்றால் இறங்க வேண்டும், மூட்டையை அவிழ்க்க வேண்டும். புகையிலை கடத்துகிறவன் குளிக்க நேரம் செலவழிக்க மாட்டான் என்பது அவருடைய நீண்டகால அனுபவம். கல்கத்தாச் சுங்கத்தில் மனிதனின் தலையைத் யாரும் தொட்டுப் பார்த்து நான் கண்டதில்லை. அங்கே பையைத்தான் தொடுவார்கள்.

திரும்பி வந்தபோது கரீம் பாயோடு ஒருவர் கைஜாடையில் பேசிக்கொண்டிருந்தார். தென்காசியில் எண்ணெய்க்கடை வைத்திருக்கும் ஆறுமுகம் அண்ணாச்சி. அவருக்கு ஹிந்துஸ்தானி தெரியாது, கரீம் பாய்க்குத் தமிழ் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும், என்னோடு இருவரும் பேசவில்லை. அண்ணாச்சிக்குக் குற்றாலம் போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பு. கடைசியில் என் பக்கம் திரும்பி, "பொம்பளப் புள்ளய வேகன்ல அடைச்சு வச்சிருக்கியளே! நம்ம தோப்புக்குக் கொண்டாங்க தம்பி" என்றார். முன்னி கரீம் பாயின் பின்னால் நாய்க்குட்டி மாதிரி நடந்தாள். ஊர் அவள் பின்னால் நடந்தது.

மறுநாள் காலையில்தான் விஷயம் தெரிந்தது. முன்னி சாப்பிடவில்லை.

புல் போட்டோம், கரும்பு போட்டோம். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காண்டாமிருகத்துக்குச் சேறுதான் சோப்பு, சேறுதான் மருந்து. பத்து நாளாக வேகனில் சேறு காணாமல் அவள் தோல் மடிப்புக்கு மடிப்பு வெடித்து, ஈ மொய்த்தது. "சேறு வேண்டும். இல்லாவிட்டால் நாலு நாள் தாங்க மாட்டாள்" என்றார் கரீம் பாய், என்னைப் பார்க்காமல், என் பெட்டியைப் பார்த்து.

சுற்றிலும் சேறுதான். ஆனால் எல்லாச் சேற்றிலும் அந்த வாரம்தான் நாற்று நட்டிருந்தார்கள். வயல்காரர்களிடம் போய், "ஒரு காண்டாமிருகம் சற்று நேரம் புரளலாமா?" என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் மண்வெட்டியை எடுத்தார்.

அன்றிலிருந்து ஒரு வைத்தியர் தினம் காலையிலும் மாலையிலும் வந்தார். வெள்ளை வேஷ்டி, மெல்லிய குரல். "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்பார். "சாப்பிடவில்லை" என்றால், "அடடா" என்பார். அந்த அடடாவில் நான் கண்ட சந்தோஷத்தைச் சில பாகப்பிரிவினை வீடுகளில்தான் பார்த்திருக்கிறேன். அவர் கண் முன்னியின் முகத்தில் இல்லை, கொம்பில் இருந்தது.

காண்டாமிருகத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. அதன் கொம்பில் கிண்ணம் கடைந்து அதில் விஷத்தை ஊற்றினால் நுரைத்துப் பொங்கிக் காட்டிக் கொடுக்குமாம். அதனால் ராஜாக்கள் பக்கத்திலேயே வைத்திருப்பார்களாம். அந்தக் கொம்புப் பாத்திரத்தில் தர்ப்பணம் செய்தால் பித்ருக்களுக்கு விசேஷ திருப்தியாம். தோலில் கேடயம் செய்தால் வாள் இறங்காதாம். பாதுஷாக்கள் சிந்து நதிக்கரையில் இதை வேட்டையாடியதை நானும் படித்திருக்கிறேன். மேற்குக் கரையிலிருந்து ஒன்றைக் கப்பலேற்றி ஐரோப்பாவில் ஒரு ராஜாவுக்குப் பரிசாக அனுப்பினார்கள், அது கடைசியில் கடலில் மூழ்கிச் செத்தது. யோசித்துப் பார்த்தால், கிண்ணமாகவும் கேடயமாகவும் பரிசாகவும் இந்த மிருகத்தை விரும்பியவர்கள் ஏராளம். காண்டாமிருகமாகவே விரும்பியவர் எனக்குத் தெரிந்து கரீம் பாய் ஒருவர்தான்.

வைத்தியர் மெதுவாக என் காதோடு, "ஏதாச்சும் ஆயிட்டா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. அறுக்கதுக்கு நல்ல ஆயுதம் வச்சிருக்கியளா?" என்று கேட்டார்.

"இருக்கிறது" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் தென்காசித் தபாலாபீசுக்குப் போய் முதலாளிக்குத் தந்தி கொடுத்தேன்: மிருகம் சாப்பிடவில்லை, உத்தரவு தாமதம், என்ன செய்வது? சாயங்காலம் பதில் வந்தது: கொம்பு பத்திரம். அண்ணாச்சி வீட்டிலிருந்து வந்த உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் எதிரில் இருந்தன. அப்படி ஒரு ருசியைக் கும்பகோணத்திலும் கண்டதில்லை, கல்கத்தாவிலும் கண்டதில்லை. அன்றைக்கு அதைத் தொடாமல் நகர்த்தி வைத்தேன். முன்னி படுத்தபடி என்னைப் பார்த்தாள். காண்டாமிருகத்தின் கண் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் சின்னது. அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

அப்போதுதான் அண்ணாச்சி வந்து அவள் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இது ஒண்ணும் வியாதி இல்ல. சூடு. நல்லெண்ணெய் தேச்சு அருவியில நிப்பாட்டுனா செரியாப் போவும்."

"அண்ணாச்சி, இது காண்டாமிருகம்."

"இருக்கட்டுமே. சீசனுக்கு வந்துட்டுக் குளிக்காமப் போவுதது எந்த ஊரு நியாயம்? நீங்களும்தான் மூணு நாளா மப்ளரோட அலையுதிய. ஒங்கள நான் கேக்கல. வாயில்லா ஜீவன் அது என்ன பாவம் செஞ்சுது?"

நான் மறுத்தேன். பதினைந்து நிமிஷம் ஆவேசமாகப் பேசினேன். எண்ணெய் வழுக்கும், மிருகம் மிரளும், ஜனங்களைக் குத்திவிட்டால் யார் பொறுப்பு என்றெல்லாம் கேட்டேன். முடிவில் கரீம் பாய்க்கு விஷயத்தை மொழிபெயர்த்தேன். அவர் அண்ணாச்சியை நெடுநேரம் பார்த்தார். "சேறு இல்லாவிட்டால் எண்ணெய். தோலில் ஏதாவது ஒட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஊரில் முன்னியைத் தொட்டுப் பார்த்த முதல் ஆள் இவர்" என்றார்.

நாலாம் நாள் விடிந்ததும் புறப்பட்டோம். பேரருவிக்குக் கோயில் பக்கத்தில் கூட்டம் அதிகம் என்று, ஒதுக்குப்புறமான புலியருவிக்குப் போனோம். ஒரு காலத்தில் புலி தண்ணீர் குடித்த இடமாம். "காண்டாமிருகமும் இருந்திருக்கும் தம்பி. எங்க மண்ண ஆழத் தோண்டிப் பாத்தா எலும்பு கெடக்கும்" என்றார் அண்ணாச்சி. உலகத்தில் உள்ள எல்லாமே தங்கள் ஜில்லாவில் முன்பே இருந்தது என்று சொல்லாத திருநெல்வேலிக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

எண்ணெய் தேய்க்கும் ஆட்கள் நாலு பேர், இரண்டு டின் நல்லெண்ணெய். ஆரம்பத்திலேயே தகராறு. முதலில் உச்சந்தலையில் வைக்காமல் மேலுக்கு வைக்கக்கூடாது என்பது அவர்கள் தொழில்முறை. காண்டாமிருகத்துக்கு உச்சந்தலை எது? கொம்புக்கு முன்னாலா, பின்னாலா? இதைப் பற்றி நாலு பேரும் நாலு அபிப்பிராயம் சொன்னார்கள். கடைசியில் அண்ணாச்சி காதுகளுக்கு நடுவில் ஒரு கை எண்ணெயை வைத்து, மூன்று தட்டுத் தட்டினார். முன்னி காதை ஆட்டினாள், அப்புறம் மெதுவாகக் கண்ணை மூடினாள்.

மடிப்புக்கு மடிப்பு விரலை விட்டுத் தேய்த்தார்கள். வெடிப்பெல்லாம் எண்ணெயைக் குடித்தது. "சட்டைக்குள்ள கையவிட்டுத் தேய்க்க மாரி இருக்கு" என்றான் ஒருவன். பிறகு அரைமணி ஊறவேண்டும் என்று உட்கார வைத்தார்கள். பாறையில் எண்ணெய் பூசிக்கொண்டு ஊறிக்கொண்டிருந்த வேறு பத்துப் பன்னிரண்டு பேர் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்துகொண்டார்கள். யாரும் ஓடவில்லை. எண்ணெயில் ஊறுகிற ஒரு ஜீவனைக் கண்டு பயப்பட அந்த ஊரில் வழக்கமில்லை.

அருவிக்குள் நுழைந்ததும் முன்னி ஒரு முனகல் முனகினாள். ஒரு கதவு திறக்கிற சத்தம் மாதிரி இருந்தது. கரீம் பாயும் வேஷ்டியோடு உள்ளே போய்விட்டார். இருவரும் அசையவில்லை. அரைமணி, முக்கால் மணி ஆயிற்று. வெளியே காத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்குப் பொறுமை போய்விட்டது. முன்னியின் பின்பக்கத்தில் கையால் தட்டி, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, மத்தவங்களும் குளிக்கணும்லா" என்றார். அவள் தள்ளி நின்றாள்.

நான் குடையைப் பிடித்துக்கொண்டு, பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, கரையில் உட்கார்ந்திருந்தேன்.

குற்றாலத்தில் குளித்தவர்களுக்கு அடுத்தபடி என்ன ஆகும் என்பது தெரியும். பசி வரும். சாதாரணப் பசி அல்ல, எதிரில் இருப்பவரின் இலையையும் பார்க்க வைக்கிற பசி. முன்னி கரையேறினாள், இரண்டடி நடந்தாள், என் மடியில் இருந்த புளியோதரைப் பொட்டலத்தை இலையோடு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கரீம் பாய் ஓவென்று அழுதார். அண்ணாச்சி மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். என் காலை ஆகாரம் போனதற்கு நானும் கண் கலங்கினேன் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். எனக்கு ஆகாரம் ஞாபகமே இல்லை.

அதற்கப்புறம் வாழைத்தண்டு, பலாச்சக்கை, ஒரு கட்டுப் புல், கடைசியாக அண்ணாச்சியின் தோப்புக் குடிசையில் ஒரு பக்கத்துக் கூரை. மறுநாள் காலையில் வைத்தியர் வந்தார். "இன்னைக்கு எப்படி இருக்கு?" முன்னியின் முதுகில் இரண்டு குரங்குகள் உட்கார்ந்து ஈ பிடித்துக்கொண்டிருந்தன, அவள் கூரையின் மறுபக்கத்தைத் தின்றுகொண்டிருந்தாள். அவர் கொம்பைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, "சந்தோஷம்" என்று சொல்லிப் போனார். இந்தமுறை குரலில் சந்தோஷம் இல்லை.

ஆனால் திருவனந்தபுரத்திலிருந்து பதில் வந்தபாடில்லை. இன்னும் ஒரு வாரம் இருந்தால் அண்ணாச்சிக்குத் தோப்பு மிஞ்சாது. நான் சாவடி அதிகாரியின் புஸ்தகத்தையும், அவர் தலை தொட்டுப் பார்க்கிற வழக்கத்தையும் சொல்லிப் புலம்பினேன். அண்ணாச்சி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"குளிச்சிட்டுப் போற வண்டிய நிப்பாட்ட மாட்டாருல்லா?"

"மாட்டார்."

"நம்ம புள்ள குளிச்சிருக்குல்லா?"

ஆறாம் நாள் காலை முன்னிக்கு மறுபடி எண்ணெய், மறுபடி அருவி. வேகனை ரயிலோடு செங்கோட்டைக்குக் காலியாக அனுப்பிவிட்டோம். காலி வேகனுக்குத் தடை சொல்லப் புஸ்தகத்தில் இடமில்லை. அண்ணாச்சியின் மாட்டு வண்டிக்குப் பின்னால் முன்னியைக் கட்டினோம். கரீம் பாய் சொட்டச் சொட்ட அவள் பக்கத்தில் நடந்தார். அண்ணாச்சி ஓட்டினார். நான் பெட்டியோடு வண்டிக்குள் இருந்தேன். சாவடிக்கு வந்து சேர்ந்தபோது செங்கோட்டையில் ரயில் புறப்பட அரைமணி இருந்தது.

அதிகாரி வெளியே வந்தார். அண்ணாச்சியின் தலையைத் தொட்டார்: எண்ணெய், ஈரம். கரீம் பாயின் தலையைத் தொட்டார்: எண்ணெய், ஈரம். பின்னால் போனார். வெகுநேரம் நின்றார். பிறகு கையை நீட்டி முன்னியின் காதுகளுக்கு நடுவில் வைத்தார். கையை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"நல்லெண்ணெய்" என்றார்.

"நம்ம செக்குல ஆட்டினது" என்றார் அண்ணாச்சி.

அதிகாரியின் முகத்தில் ஆறு நாளாக இருந்த கவலை இறங்குவதைப் பார்த்தேன். பாவம், அவரும் தூங்கியிருக்க மாட்டார். "குளிச்சவர் வண்டியில கட்டின மிருகம். என்ன மிருகம்னு கேக்க எனக்கு அதிகாரமில்லா. போகாம்" என்று வழியைக் காட்டினார்.

கரீம் பாய் முன்னியை அவிழ்த்துக்கொண்டு ஸ்டேஷனை நோக்கி நடந்தார். நான் வண்டியிலிருந்து இறங்கிப் பின்னால் ஓடப் பார்த்தேன். ஒரு கை என் தலையில் விழுந்தது.

"நில்லுங்க சாரே. தலை காஞ்சிருக்கே?"

காண்டாமிருகத்தை விட்ட சாவடியில் நான் பிடிபட்டேன். பெட்டியைத் திறக்கச் சொன்னார். இரண்டு வேஷ்டி, ஒரு சால்வை, முதலாளியின் தந்தி, காகிதத்தில் சுற்றிய ரம்பம்.

"இது என்னத்துக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். தச்சு வேலை தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி வண்டிமேல் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "முன்னி வழியில் செத்துப்போனால் கொம்பை அறுப்பதற்கு" என்றேன்.

அதிகாரி புஸ்தகத்தைப் புரட்டினார். "ரம்பம் பட்டிகையில உண்டு. அற்பத் தீர்வைதான். கட்டிட்டுக் கொண்டுபோகலாம்."

"வேண்டாம். இங்கேயே இருக்கட்டும்" என்று மேஜைமேல் வைத்தேன்.

"வழியில ஏதாச்சும் ஆனா, கொம்பும் இல்லாம, ரம்பமும் இல்லாம உங்க முதலாளி சும்மா இருப்பாரா?" என்றார் அதிகாரி, தந்தியைப் படித்துவிட்டு.

"இருக்க மாட்டார்."

ரயில் ஊதியது. அண்ணாச்சி வண்டியிலிருந்து குதித்து, டின்னில் மிச்சமிருந்த எண்ணெய் முழுவதையும் என் உச்சந்தலையில் கவிழ்த்து, மூன்று தட்டுத் தட்டினார். "இப்பம் போங்க தம்பி. அடுத்த சீசனுக்கு வந்து அருவியில அலசிக்கிடலாம்."

மப்ளரும் கோட்டும் எண்ணெயில் நனைய ஓடி, நகர்கிற வேகனைப் பிடித்து ஏறினேன். கரீம் பாய் வழக்கம்போல் நடுவில் படுக்கையை விரித்து உட்கார்ந்திருந்தார். என் பெட்டி மூடாமல் வாய் திறந்து தொங்கியது. அவர் எட்டிப் பார்த்தார். வேஷ்டியை விலக்கி அடியிலும் பார்த்தார்.

"அது எங்கே?"

"சாவடியில் விட்டுவிட்டேன்."

அவர் எழுந்து படுக்கையைச் சுருட்டி ஒரு மூலையில் எறிந்தார். பிறகு முன்னியின் பக்கத்தில் வைக்கோலைத் தட்டி, "இங்கே உட்காருங்கள் பாபு" என்றார். நான் உட்கார்ந்தேன். முன்னி குனிந்து, என் தலையிலிருந்த நல்லெண்ணெயைப் புனலூர் வரும் வரைக்கும் நக்கிக்கொண்டே வந்தாள்.